ஜமுக்காளத்துக்கு அடியில் ஒரு கல்யாணம்

எங்கள் ஸ்டுடியோவில் கல்யாணத்தைப் படம் பிடிப்பவர் என் கணவர். அதை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, இது தங்கள் வீட்டுக் கல்யாணம்தானா என்று வீட்டுக்காரர்களே சந்தேகப்படும் அளவுக்கு அழகாக்குபவள் நான். கடை, காரைக்குடிக் கடைவீதியில் ஒரு பாத்திரக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் கம்ப்யூட்டர் படித்தவள் என்பது அந்த வீதியில் எல்லாருக்கும் தெரியும். கேட்டவர்களிடம் சொன்னதைவிடக் கேட்காதவர்களிடம் சொன்னதுதான் அதிகம்.

ஒருமுறை எங்கள் வெளி ஹார்டுடிஸ்க் மேசையிலிருந்து கீழே விழுந்து அதோடு மூச்சை விட்டது. நல்லவேளை, அதில் இருந்தவை எல்லாம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்து முடித்த பழைய கல்யாணங்கள். என் கணவர் முகம் வாடிப்போனார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ரொம்ப நாளாக இப்படி ஒரு சாக்குக்காகத்தான் காத்திருந்தேன்.

என் திட்டம் இதுதான். பின்னறையில் இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள். ஒன்றில் எதை எழுதினாலும் அதே நேரத்தில் மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும். முன்னறையில் நான் எடிட் செய்யும் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு, 'கல்யாணம்' என்று ஒரு வெற்று ஃபோல்டர் உண்டாக்கி, பின்னறையின் சேமிப்பை அந்த ஃபோல்டரின் மேல் கொண்டுவந்து பொருத்திவிட வேண்டும். இதற்கு மவுண்ட் செய்வது என்று பெயர். பொருத்திய பிறகு அந்த ஃபோல்டரில் எதைப் போட்டாலும் அது என் கம்ப்யூட்டரில் தங்காது; கேபிள் வழியே பின்னறைக்குப் போய் இரண்டு இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

இதை என் கணவருக்கு விளக்க ஜமுக்காளத்தை உதாரணம் சொன்னேன். "வெறுந்தரைதான் அந்த ஃபோல்டர்னு வச்சுக்கங்க. அது மேல பின்னறையில இருந்து ஒரு ஜமுக்காளத்தக் கொண்டாந்து விரிக்கிறோம். அப்புறம் உக்கார்றதெல்லாம் ஜமுக்காளத்து மேலதான்."

"விரிக்க மறந்துட்டா?" என்றார்.

நான் சிரித்தேன். "அது தானா விரிச்சுக்கிரும். ஆன் பண்ணுனதும் அதுக்கு மொத வேலையே அதுதான்."

தானாக விரிக்க வைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. பின்னறைக் கம்ப்யூட்டர்கள் இரண்டுக்கும் ஆசையாகப் பெயர் வைத்தேன். அந்தப் பெயர்களை முன்னறைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல மறந்துவிட்டு, ஒரு நாள் முழுக்க ஃபயர்வால் என்கிற காவல் மென்பொருளைத் திட்டினேன். மறுநாள் பெயர் பிடிபட்டது, மென்பொருளின் பதிப்பு ஒத்துவரவில்லை. எல்லாம் ஒத்துவந்த பிறகும் ஃபோல்டர் திறக்கவில்லை. நான் கேபிளை ரூட்டரில் செருகுவதற்குப் பதில் பக்கத்தில் சும்மா கிடந்த பழைய பெட்டியில் செருகியிருந்தேன். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

வேலை செய்ய ஆரம்பித்த பிறகும் ஒரு தொல்லை. பின்னறைக் கம்ப்யூட்டர்கள் கண் விழிக்கும் முன் முன்னறைக் கம்ப்யூட்டரை ஆன் செய்தால், அது அவற்றைத் தேடிக் காத்துக் கிடக்கும். திரை கறுப்பாகவே நிற்கும். ஒரு நாள் பெண் வீட்டார் வீடியோ பார்க்க வந்து உட்கார்ந்திருக்கும்போது இப்படி நின்றுவிட்டது. என் கணவர் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அது தீர்ந்ததும் மறுபடியும் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு மானம் போயிற்று. அன்றே மவுண்ட் செய்யும் வரியின் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்தேன். 'பின்னறை கிடைக்காவிட்டால் பரவாயில்லை, சத்தம் போடாமல் மேலே போ' என்று அதற்குப் பொருள். வாழ்நாளில் நான் ஒருநாளும் சத்தம் போடாமல் மேலே போனது கிடையாது. கம்ப்யூட்டரை மட்டும் அப்படி வளர்த்தேன்.

அடுத்தது மெயின் சுவிட்ச். கடையைப் பூட்டும்போது மெயினை அணைத்துவிட்டு, அணைத்ததைத் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் என் கணவர் ஷட்டரை இறக்குவார். எங்கள் வீதியில் எல்லாக் கடைக்காரர்களும் அப்படித்தான். பின்னறைக் கம்ப்யூட்டர்கள் ராப்பகலாக ஓட வேண்டும் என்று நான் வாதாடினேன். அவர் அணைத்துவிட்டார். யூபிஎஸ் விடிய விடியக் கத்தியது. மறுநாள் பாத்திரக் கடைக்காரர் வந்து, "ராத்திரி பூரா ஒங்க கடைக்குள்ள ஏதோ குருவி மாட்டிக்கிட்டுக் கத்துச்சு, பாத்தீகளா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். ஆகவே இருவரும் இறங்கிவந்தோம். மாலையில் முறையாக எல்லாவற்றையும் அணைப்பது. காலையில் முதலில் பின்னறை, ஒரு டீ குடிக்கும் நேரம் பொறுத்து முன்னறை. இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். என் கணவர் காதில் நித்தமும் அதை ஓதியவளும் நான்.

அதோடு விட்டேனா? கல்யாண வீடியோவைக் கொடுத்து முடிக்கும்வரை அவர் மெமரி கார்டுகளை அழிக்க மாட்டார். ஒரு டிபன் டப்பாவில் போட்டுப் பீரோவில் பூட்டிவைப்பார். அந்தப் பழக்கத்தையும் நிறுத்தினேன். "ரெண்டு எடத்துல காப்பி இருக்கும்போது எதுக்கு இந்த டப்பா? ஒங்களுக்கு லினக்ஸ் மேல நம்பிக்கை இல்லையா, என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டேன். கல்யாணமான ஆண் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல முடியும்? டப்பா சமையலறைக்குத் திரும்பிப் போயிற்று.

இப்படி இருக்கையில்தான் அந்த வெள்ளிக்கிழமைக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளைக்குக் காளையார்கோவில், தச்சு வேலைக் குடும்பம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவருடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அசையவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதியைத் தள்ளிப்போடலாம் என்று மகன் சொன்னதற்கு, "எனக்காக முகூர்த்தத்த மாத்துனா நா இந்தக் கட்டில்லயே செத்துப்போவேன்" என்று மிரட்டித் தள்ளிப்போடாமல் செய்தவர் அவர். அவர் கேட்டது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் தாலி கட்டுவதைப் பெரிய டிவியில் பார்க்க வேண்டும். செல்போனில் எறும்பு மாதிரி தெரிகிறதாம். மண்டபத்தில் நேரலைக்கும் ஏற்பாடு செய்திருந்தார்கள். மேளம் கொட்டும் நேரத்தில் சிக்னல் போய், படம் சுற்றிக்கொண்டே நின்றுவிட்டது. அதனால் எங்கள் வீடியோதான் அவருக்கு எல்லாம்.

சனிக்கிழமை காலை அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகுகாலம் பிறந்துவிடும். புதுக் கல்யாணத்தின் வேலையை ராகுகாலத்தில் தொடங்க என் கணவர் சம்மதிக்க மாட்டார். நான் ராகுகாலத்தைக் கேலி செய்பவள். ஆனால் அவரோடு வாதாடினால் அந்த நேரத்துக்குள் இரண்டு ராகுகாலம் போய்விடும். அவசரமாகக் கடையைத் திறந்தோம். அவர் சாமி படத்துக்குப் பத்தி ஏற்றிக்கொண்டே, "ஒம்போது ஆகப் போகுது, மொதக் கார்டையாவது போடு, போடு" என்று விரட்டினார். நான் ஓடிப்போய் முன்னறைக் கம்ப்யூட்டரை ஆன் செய்து கார்டைச் செருகினேன்.

பின்னறை அப்போது இருட்டாகத்தான் இருந்தது. கார்டு ஓடத் தொடங்கிய பிறகுதான், ஏதோ கோலம் போட மறந்தவள்போல் போய் அங்கிருந்த இரண்டையும் ஆன் செய்துவிட்டு வந்தேன். என் சட்டத்தை நானே மீறியது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. ராகுகாலம் பிறக்கும் முன் வேலையைத் தொடங்கிவிட்ட நிம்மதியில் இருந்தேன்.

ஃபோல்டரைத் திறந்து பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். திறந்து பார்ப்பது படிக்காதவர்கள் வேலை என்பது என் எண்ணம். நான் எழுதிவைத்திருந்த ஒரு சின்ன நிரல், கார்டில் உள்ளதை ஃபோல்டருக்கு மாற்றி, இரண்டையும் ஒப்பிட்டுச் சரிபார்த்து, கடைசியில் 'சுபம்' என்று திரையில் எழுதும். எல்லாக் கார்டுக்கும் சுபம் வந்தது. கார்டுகளைச் சுத்தமாக அழித்து என் கணவர் கையில் கொடுத்தேன். மத்தியானம் அவர் அரியக்குடியில் ஒரு குழந்தையின் பிறந்தநாளைப் படம் பிடிக்கக் கிளம்பினார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் கரண்டு போயிற்று. பின்னறைக்கு நல்ல பேட்டரி. முன்னறை யூபிஎஸ்ஸின் பேட்டரி கிழடு. முன்னறைக் கம்ப்யூட்டர் மட்டும் அணைந்துபோனது. கரண்டு வந்ததும் ஆன் செய்து, எடிட் பண்ணலாம் என்று உட்கார்ந்தேன். ஃபோல்டரில் பழைய கல்யாணங்கள் எல்லாம் இருந்தன. வெள்ளிக்கிழமைக் கல்யாணம் இல்லை.

பின்னறைக்கு ஓடினேன். முதல் கம்ப்யூட்டரில் இல்லை. இரண்டாவதில் இல்லை. என் அமைப்பு துளி பிசகாமல் வேலை செய்துகொண்டிருந்தது; இல்லாததையும் இரண்டு பிரதி எடுத்து வைத்திருந்தது.

உடனே நான் செய்த முதல் காரியம், என் கணவருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தது. "கார்டுல எதையாவது தொட்டீகளா? சரியா எடுத்தீகளா இல்லையா?"

"நீதான காப்பி பண்ணுனே, நீதான அழிச்சே" என்றார். பின்னால் பிறந்தநாள் பாட்டு கேட்டது.

"கார்டுல இனிமே எதுவும் எடுக்காதீக!"

"எடுத்து முடிச்சுட்டேனே. கேக்கு வெட்டியாச்சு."

அவர் வந்ததும் கார்டுகளை எல்லாம் வாங்கி, அழிந்ததை மீட்கும் மென்பொருளை அவருடைய மடிக்கணினியில் ஓட்டினேன். கேக்கும் பலூனும் வந்தன. அதற்கு அடியில் மண்டபத்து வாசலின் வாழைமரம் பாதி வந்தது. தாலி வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். கட்டிலில் படுத்துக்கொண்டே பேசுகிறார் என்பது குரலில் தெரிந்தது. "ஏத்தா, நாளைக்கு வந்துருவீகல்ல? டிவியத் தொடச்சு, கட்டிலு கிட்டத்துல இழுத்துவைக்கச் சொல்லிட்டேன். அங்குட்டு இருந்தா கண்ணுக்கு எட்டல."

"வந்துருவோம்மா. ஒங்க வீட்டுக் கல்யாணம் ரெண்டு எடத்துல பத்திரமா இருக்கு" என்றேன். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. வைத்தபின் பின்னறையில் போய் அழுதேன். நான் எளிதில் அழுகிறவள் இல்லை. ஒரு மனுஷி கட்டிலைவிட்டு இறங்க முடியாமல் ஒரே ஒரு காட்சிக்காகக் காத்திருக்கிறார். அதை நான் நவீனமான முறையில் தொலைத்துவிட்டேன் என்பதைத் தாங்க முடியவில்லை.

ஞாயிறு காலையில் எனக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. மாப்பிள்ளையின் அக்காவிடம், 'ஒரு ஸ்பெஷல் எஃபெக்ட் போடணும், உறவுக்காரங்க செல்போன்ல எடுத்ததெல்லாம் அனுப்புங்க' என்று கேட்டேன். குவிந்துவிட்டது. ஆசையோடு ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாவற்றிலும் மேளம் கேட்கிறது, அட்சதை பறக்கிறது, தாலி கட்டும் நேரத்தில் மட்டும் மணமக்களை மறைத்துக்கொண்டு ஓர் அகலமான முதுகு நிற்கிறது. என் கணவரின் முதுகு. எத்தனையோ வருஷமாக அந்த முதுகோடு குடும்பம் நடத்துகிறேன், அன்றைக்கு வந்த கோபம் என்றுமே வந்ததில்லை.

"வேணும்னா நா மட்டும் காளையார்கோவில் போயி, நேர்ல சொல்லிட்டு வர்றேன்" என்றார் அவர். "போன்ல சொல்ற விஷயம் இல்ல இது."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை என்பதால் எனக்கு வெறி பிடித்தது. பின்னறை டிஸ்க்குகளிலேயே தேடிப் பார்க்கலாம் என்று மீட்பு மென்பொருளை முன்னறைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பார்த்தேன். இடமில்லை என்றது. எதுவுமே தங்காத கம்ப்யூட்டரில் இடமில்லையாம்! கேலி செய்கிறது என்றே நினைத்தேன். பாட்டுகளை அழித்தேன். இந்த அமைப்பைப் பற்றி நான் சேர்த்துவைத்திருந்த பாடங்களையெல்லாம் அழித்தேன். அப்போதும் இடமில்லை. சரி, எல்லாக் கோளாறுக்கும் இந்தப் பாழாய்ப்போன லினக்ஸ்தான் காரணம், முழுசாகத் துடைத்துவிட்டு மறுபடி போடுகிறேன் என்று முடிவு கட்டினேன். அதில் என்ன இருக்கிறது, தொலைந்துபோக?

துடைக்கும் முன் ஒரு பயம் வந்தது. துடைக்கும்போது கைதவறிப் பின்னறையில் இருக்கும் பழைய கல்யாணங்களும் போய்விட்டால்? அதனால் முதலில் பின்னறையின் தொடர்பை எடுத்தேன். ஜமுக்காளத்தைச் சுருட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருட்டியபின், சும்மா, 'கல்யாணம்' ஃபோல்டரைத் திறந்தேன். வெறுந்தரையாக இருக்க வேண்டியது அது.

வெள்ளிக்கிழமைக் கல்யாணம் அங்கே உட்கார்ந்திருந்தது. மண்டபம், மேளம், பந்தி, ஒன்று குறையாமல்.

சனிக்கிழமை காலை நான் கார்டைச் செருகியபோது பின்னறை விழித்திருக்கவே இல்லை. ஜமுக்காளம் விரியவில்லை. விரியாவிட்டால் சத்தம் போடாதே என்று நானே சொல்லிக் கொடுத்திருந்ததால் கம்ப்யூட்டரும் சமர்த்தாக வாயை மூடிக்கொண்டது. அத்தனையும் தரையில், முன்னறைக் கம்ப்யூட்டரிலேயே, இறங்கி இடத்தை அடைத்துக்கொண்டது. மத்தியானம் கரண்டு போய் வந்தபோது ஜமுக்காளம் ஒழுங்காக விரிந்து, தரையில் இருந்த கல்யாணத்தை மூடிவிட்டது. இரண்டு இடத்தில் பத்திரம் என்று நான் பீற்றிக்கொண்டது, உண்மையில் ஒரே இடத்தில், கிழட்டுப் பேட்டரியை நம்பி, யார் கண்ணுக்கும் தெரியாமல் கிடந்தது. இன்னொரு பொத்தானை அமுக்கியிருந்தால் அதுவும் இல்லை.

கூவிவிட்டேன். என் கணவர் ஓடிவந்து பார்த்தார். நேரே வீட்டுக்குப் போய்ச் சமையலறையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்துவந்து மேசையில் வைத்தார். பிறகு அந்த வெறுந்தரை ஃபோல்டரில் எதையும் எழுத முடியாதபடி பூட்டுப் போட்டேன். இனி ஜமுக்காளம் விரியாவிட்டால் என் நிரல் சுபம் போடாது, கத்தும்.

ஆனால் எடிட் செய்ய நேரமே இல்லை. ஞாயிறு நாலரைக்கு ராகுகாலம், அதற்கு முன் கிளம்ப வேண்டும் என்றார். நான் ஒரு வார்த்தைகூடக் கேலி பேசவில்லை. தாலி கட்டும் பகுதியை எடுத்தது எடுத்தபடி ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு புறப்பட்டோம்.

கட்டிலுக்குப் பக்கத்திலேயே டிவி இருந்தது. அம்மா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார். புதுப்பெண் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை கதவோரம் நின்றார். நான் பேச ஆரம்பித்தேன். என்னால் பேசாமல் இருக்க முடியாது. "இது இன்னும் வெட்டாததும்மா. பாட்டுப் போடல. நல்லாப் பண்ணி அடுத்த வாரம் தர்றேன். இதுல ஆட்டம் எல்லாம் இருக்கும், தப்பா நெனைக்காதீக."

"கல்யாணத்த எதுக்கு வெட்டணும்? போடுத்தா" என்றார் அவர்.

மேளம் உயர்ந்தது. மாப்பிள்ளை தாலியைக் கட்டினார். நாத்தனார் முடிச்சை அக்கா போட்டார். நான் எடிட் செய்திருந்தால் அந்த இடத்தில் காட்சியை நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, மேலிருந்து ரோஜா இதழ் கொட்டி, அடுத்த காட்சிக்குத் தாவியிருப்பேன். எப்போதும் அப்படித்தான். அன்று அது தாவவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாரும் அட்சதை போட்டு முடித்தார்கள். மாப்பிள்ளை பெண்ணின் பக்கம் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, மணமேடைக்கு இடது பக்கம், பெண்கள் நிற்கிற இடத்தைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்புறம் ஏதோ நினைவுக்கு வந்தவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"மறுபடி போடு" என்றார் அம்மா. போட்டேன். திரும்பவும் கேட்டார், போட்டேன்.

"என்னையத் தேடுறான்" என்றார். குரல் உடைந்துவிட்டது. "படுத்த படுக்கையில கெடக்கேன்னு தெரிஞ்சும் தேடுறான் பாரு, கூறுகெட்ட பய."

மாப்பிள்ளை கதவோரம் நின்றபடியே, "அதெல்லாம் இல்லம்மா. அங்குட்டு லைட்டுப் போட்டிருந்தாக, கண்ணக் கூசுச்சு, அதான்" என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். மேடையின் இடது பக்கம் நாங்கள் லைட்டே வைக்கவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.